இலவசச் சீட்டும் கடைசிப் படகும்

உதைபந்தாட்டத்துக்குப் பார்வையாளரைச் சேர்க்கக் கழகங்கள் கையாளும் வழிகளில் மிகச் சுலபமானது நுழைவுச்சீட்டை இலவசமாகக் கொடுப்பது. ஆட்டம் தொடங்கியபின் வெறுமையாகக் கிடக்கும் இருக்கையை எடுத்துவைத்து அடுத்த கிழமை விற்க முடியாது. மைதானத்துப் புல்லுக்கும் விளக்குக்கும் மத்தியஸ்தருக்கும் ஆகும் செலவு ஐந்நூறு பேர் வந்தாலும் ஐயாயிரம் பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இன்னும் ஒருவரைச் சும்மா உள்ளே விடுவதால் கழகத்துக்குப் பெரிய நட்டமில்லை. வந்தவர் தேநீர் வாங்குவார், பிள்ளையை அழைத்து வருவார், சத்தம் போடுவார். நிறைந்த அரங்கு தொலைக்காட்சியில் அழகாகத் தெரியும், அனுசரணை கொடுத்த நிறுவனமும் மகிழும். கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் உலகின் பல மூலைகளிலும் இது திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது.

இந்தக் கணக்கின் அடியில் ஓர் ஊகம் மறைந்திருக்கிறது: ஆட்கள் வராததற்குக் காரணம் சீட்டின் விலைதான் என்பது. அந்த ஊகம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்ப்பதற்கு யாழ்ப்பாணத்துத் தீவகத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உதைபந்தாட்டம் பெரும்பாலும் எப்போதுமே இலவசம். சீட்டு என்ற தடை இல்லாத இடத்தில் வேறு எந்தத் தடை மிஞ்சுகிறது என்பதை அங்கே நேராகவே காணலாம்.

வேலியில்லாத மைதானங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரங்களில் உதைபந்தாட்டம் ஊரோடு ஒட்டிய விளையாட்டு. நாவாந்துறை சென்மேரிஸ், குருநகர் பாடுமீன், இளவாலை யங்கென்றிஸ் என்ற பெயர்களைக் கேட்டாலே ஆட்டம் பார்க்கிறவர்களுக்கு ஊரும் ஆளும் நினைவுக்கு வந்துவிடும். கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் கிராமங்களிலிருந்து வந்த கழகங்கள் பலவற்றுக்குப் புனிதர்களின் பெயர்களே உண்டு. பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவகத்துக்குள் போனாலும் இதே பழக்கம்தான். பாடசாலை மைதானம், தேவாலயத்தை ஒட்டிய வெளி, பனங்கூடலுக்குப் பக்கத்துத் தரவை என்று கிடைத்த இடத்தில் கோல் கம்பம் நட்டு ஆட்டம் நடக்கும். அணிக்கு 7 பேர், அணிக்கு 9 பேர், அணிக்கு 11 பேர் என்று சுற்றுப்போட்டியின் அளவு மைதானத்தின் அளவையும் கையிலுள்ள காசையும் பொறுத்தது.

இந்த மைதானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மதிலோ வாசலோ கிடையாது. வாசலே இல்லாத இடத்தில் சீட்டுக் கிழிக்க ஆளை நிறுத்துவது எப்படி? மோட்டார் சைக்கிளைக் கோட்டுக்கு அருகே நிறுத்தி அதன்மேல் இருந்தபடியே பார்ப்பவர்கள், மரநிழலில் கதிரை போட்டு அமர்ந்திருக்கும் பெரியவர்கள், கோல் வலைக்குப் பின்னால் பந்து பொறுக்க ஓடும் சிறுவர்கள் எல்லாரும் ஒரே விலையில்தான் பார்க்கிறார்கள். கட்டணம் அறவிட்டால் உள்ளூராட்சி சபையின் களியாட்ட வரி என்ற தனிக் கணக்கும் கூடவே வந்து சேரும். ஒரு கிராமக் கழகத்தின் செயலாளருக்கு அந்தத் தலையிடி வேண்டியதில்லை. யாழ் நகரில் நிலைமை சற்று வேறு. 1975 யூலை 27இல் சுட்டுக்கொல்லப்பட்ட மாநகர மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கு, இந்திய உதவியில் திருத்தப்பட்டு 2016 யூன் 18இல் மீண்டும் திறக்கப்பட்டது. சுமார் 1,850 இருக்கைகளும் சுற்றுமதிலும் வாசலும் அங்கே உண்டு. சீட்டு என்ற பேச்சுக்கே அப்படிப்பட்ட இடத்தில்தான் அர்த்தம் இருக்கிறது.

அப்படியானால் தீவகத்தில் ஒரு சுற்றுப்போட்டிக்குக் காசு எங்கிருந்து வருகிறது? 1990களின் தொடக்கத்தில் போர் தீவுகளுக்குள் வந்தபோது அங்கிருந்த சனம் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் அங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறியது. திரும்பி வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நெடுந்தீவு முழுவதிலும் 4,000க்கும் குறைவானவர்களே இருந்தார்கள். ஆனால் போனவர்கள் ஊரை விடவில்லை. இறந்துபோன தகப்பனின் பெயரில், போரில் இழந்த சகோதரனின் பெயரில், ஒரு காலத்தில் அதே மைதானத்தில் ஆடிய நண்பனின் பெயரில் நினைவுக்கிண்ணம் அறிவிக்கிறார்கள். கிண்ணம், பணப்பரிசு, பந்து, ஒலிபெருக்கி, இரவு ஆட்டமென்றால் மின்னொளி, வந்த அணிகளுக்குச் சாப்பாடு வரை பல ஊர்களில் அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் நடக்கிறது.

இதன் பொருளாதாரம் வழக்கமான அரங்கின் பொருளாதாரத்துக்கு நேர்மாறானது. இலண்டனிலோ மும்பையிலோ வந்து பார்ப்பவர் காசு கொடுக்கிறார். தீவகத்தில் காசு கொடுப்பவர் பெரும்பாலும் வரமுடியாதவர். வந்து பார்ப்பவர் எதுவும் கொடுப்பதில்லை. அண்மைக் காலத்தில் ஐரோப்பியத் தொழில்முறைக் கழகங்கள் புதுமை என்று அறிவித்த ஏற்பாடு கிட்டத்தட்ட இதுவே.

டுசல்டோர்ஃபும் பாரிஸும்

அப்போது ஜேர்மனியின் இரண்டாம் பிரிவில் ஆடிய ஃபோர்ச்சுனா டுசல்டோர்ஃப் கழகம் 2023இல் ஒரு திட்டத்தை அறிவித்தது: காலப்போக்கில் தன் சொந்த மைதானத்து லீக் ஆட்டங்கள் எல்லாவற்றையும் இலவசமாக்குவது, தொடக்கமாக ஒரு பருவத்தில் மூன்று ஆட்டங்கள். அந்த இழப்பை ஈடுசெய்யப் பெரிய நிறுவனங்கள் அனுசரணையாளர்களாகச் சேர்ந்தன. 2023 ஒக்டோபர் 21இல் கைசர்ஸ்லோட்டர்னுக்கு எதிரான முதல் இலவச ஆட்டத்துக்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் கேட்கப்பட்டன. ஏறக்குறைய 54,000 பேர் கொள்ளும் அரங்கில் 52,000 பேர் இருந்தார்கள். ஆட்டமும் கைகொடுத்தது. 0–3 என்று பின்தங்கிய டுசல்டோர்ஃப் 4–3 என்று வென்றது. எந்த விளம்பர நிறுவனத்தாலும் எழுதிக்கொடுக்க முடியாத கதை அது. அடுத்த பருவத்தில் இலவச ஆட்டங்கள் நான்காயின.

அங்கே கவனிக்க வேண்டியது, இலவசம் பொதுவான வாசல்திறப்பாக இல்லாமல் பதிவு செய்து குலுக்கலில் பெறும் சீட்டாக இருந்ததுதான். கேட்டவரின் விபரம் கழகத்தின் கையில் சேர்கிறது. யார் முதன்முறையாக வருகிறார், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பது தெரிகிறது. அனுசரணையாளருக்கு அந்த விபரத்துக்கும் ஒரு பெறுமதி உண்டு. பார்வையாளர் காசுக்குப் பதிலாகத் தன்னைப் பற்றிய தகவலைக் கொடுக்கிறார் என்று சொன்னாலும் பிழையில்லை.

தீவகத்தவர் பலர் குடியேறிய பாரிஸில் நடந்தது வேறு விதம். நகரம் முழுவதும் பாரிஸ் சென் ஜெர்மேன் பின்னால் நிற்க, இரண்டாம் பிரிவில் ஆடிய பாரிஸ் எஃப்சி 20,000 பேர் அமரக்கூடிய ஷார்லெட்டி அரங்கில் சில ஆயிரம் பேருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. 2023 நவம்பரில் அக்கழகம் சாதாரண இருக்கைகளை இலவசமாக்கியது. சீட்டு விற்பனையில் வந்த வருமானம் அதன் வரவுசெலவில் சிறு துண்டுதான், ஆகவே துணிவதற்குப் பெரிய தைரியம் தேவைப்படவில்லை. 2025இல் முதற்பிரிவுக்கு உயர்ந்து ஜோன் புவான் அரங்குக்கு மாறியபோது கட்டணம் திரும்பியது. அக்கழகத்துக்கு இலவசம் ஆள்பழக்கும் காலமாகவே இருந்தது. இரண்டு கழகங்களின் அனுபவத்திலும் பொதுவான ஒன்று உண்டு: இரண்டும் சுரங்கரயிலும் டிராமும் வாசல்வரை வரும் பெருநகரங்களில் உள்ளவை. வர விரும்பியவருக்கு வழி ஏற்கனவே இருந்தது. விலையும் தயக்கமும்தான் குறுக்கே நின்றன.

வாங்கியும் வராதவர்கள்

இலவசச் சீட்டின் பழைய நோய் வேறொன்று. 2019 செப்ரெம்பர் 8இல் இங்கிலாந்து மகளிர் சூப்பர் லீக்கின் தொடக்க வார இறுதியில், செல்சி கழகம் தன் மகளிர் அணி டொட்டன்ஹாமுக்கு எதிராக ஆடிய ஆட்டத்தை ஸ்டாம்ஃபோர்ட் பிறிட்ஜில் வைத்துச் சீட்டு முழுவதையும் இலவசமாகக் கொடுத்தது. சுமார் 40,000 பேர் கொள்ளும் அரங்கின் சீட்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. வந்தவர்கள் 24,564 பேர். மகளிர் லீக்குக்கு அது அந்நாளில் பெரிய கூட்டம்தான், மறுக்க முடியாது. ஆனால் மீதி ஆயிரக்கணக்கான இருக்கைகள், வர விரும்பிச் சீட்டுக் கிடைக்காதவர்களுக்கு மூடிக்கிடந்தன. காசு கொடுத்து வாங்கியவர் மழை பெய்தாலும் புறப்படுவார். சும்மா வாங்கியவரை வீட்டில் நிறுத்த ஒரு தூறல் போதும். ஒருநாள் முன்னதாக மான்செஸ்டர் சிற்றி தன் மகளிர் ஆட்டத்துக்குப் பெரியவர்களிடம் 7 பவுண் அறவிட்டது. வந்தவர்கள் 31,213 பேர். ஒரே நகரத்துக் கழகங்களிடையிலான பகை ஆட்டம் என்ற ஈர்ப்பு அதற்கு இருந்தது என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. என்றாலும் சிறு விலையொன்று கூட்டத்தைத் துரத்தவில்லை என்பதற்கு அது சான்று.

இதற்குக் கழகங்கள் கண்ட மருந்துகள் சில. வராதவர் விகிதத்தை முன்கூட்டியே கணித்து இருக்கைக்கு மேல் சீட்டுக் கொடுப்பது ஒன்று, கணிப்புப் பிழைத்தால் வாசலில் சண்டை வரும். சிறு தொகையை வைப்பாக வாங்கி வந்தவுடன் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. பெரியவருக்குக் கட்டணம், அவரோடு வரும் பிள்ளைக்கு இலவசம் என்பது மூன்றாவது. இவற்றில் கடைசி வழிதான் நீண்ட காலம் நிற்கிறது. இலவசம் பெறுபவரோடு காசு கொடுத்தவர் ஒருவர் சேர்ந்தே வருவதால் சீட்டு வீணாவது குறைவு, பிள்ளைக்கும் அரங்கு பழகிவிடும்.

இன்னொரு சிக்கல் விலையின் மதிப்பு. ஒரு முறை சும்மா கிடைத்ததற்கு அடுத்த முறை காசு கொடுக்க மனம் வராது. அதைவிட, முன்பு காசு கொடுத்து வாங்கியவர் தான் ஏமாளி என்று நினைக்கத் தொடங்குவார். 2025இல் அமெரிக்காவில் நடந்த ஃபிஃபா கழக உலகக்கிண்ணம் இதற்குப் பெரிய உதாரணம். தேவைக்கேற்ப விலை மாறும் முறையில் விற்கப்பட்ட சீட்டுகளில், செல்சி – ஃபுளுமினென்ஸ் அரையிறுதியின் தொடக்க விலை 473 டொலரிலிருந்து 13 டொலர் அளவுக்கு விழுந்தது. மயாமியில் தொடக்க ஆட்டத்துக்கு முன்னர் உள்ளூர் மாணவர்களுக்கு 20 டொலருக்குப் பல சீட்டுகள் கொடுக்கப்பட்டன. முன்கூட்டி முழு விலை கொடுத்த இரசிகர் அடுத்த தடவை கடைசி நிமிடம்வரை காத்திருப்பார். காத்திருக்கும்படி அவரைப் பழக்கியது ஏற்பாட்டாளர்தான்.

விலையே காரணமில்லாத வெறும் அரங்குக்கு மும்பை சாட்சி. 2018 யூன் 1இல் சீன தைப்பேயை இந்தியா 5–0 என்று வென்றபோது அந்தேரி அரங்கில் இருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அணித்தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளியில், திட்டுவதற்காகவேனும் அரங்குக்கு வாருங்கள் என்ற பொருளில் இரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். யூன் 4இல் கென்யாவுக்கு எதிரான அவரது நூறாவது சர்வதேச ஆட்டத்துக்குச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. சீட்டு விலையில் யாரும் கைவைக்கவில்லை. ஆட்டம் நடக்கிறது, அதற்குத் தாங்கள் தேவைப்படுகிறோம் என்ற செய்தி ஆட்களைப் போய்ச் சேர்ந்ததுதான் வித்தியாசம்.

இலங்கையில் இலவச வாசல் கிரிக்கெட்டுக்குப் பழக்கமானது. 2024 யூலையில் தம்புள்ளையில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ணத்துக்கு அனுமதி இலவசம். யூலை 28 இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை வென்றபோது பார்க்கச் சனம் இருந்தது. காலியில் இன்னும் வேடிக்கை. அரங்கின் பக்கத்திலேயே கோட்டை நிற்பதால், அதன் கொத்தளத்தில் ஏறிய எவருக்கும் டெஸ்ட் ஆட்டம் சும்மா தெரியும். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒல்லாந்தர் கட்டிக்கொடுத்த இலவச மேடை அது.

குறிகட்டுவானுக்கு அப்பால்

தீவகத்தில் ஆட்டம் பார்க்க வருபவருக்கு உண்மையான செலவு நேரமும் கடலும். ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் யாழ் நகரிலிருந்து தரைவழி உண்டு, மாலை ஆட்டம் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பலாம். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வருபவருக்கு இடையில் சின்னக் கடல்தான், ஆனால் பாதை எனப்படும் மிதவைப் படகு ஓடும் நேரம் பார்த்தே வரவேண்டும். நயினாதீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து கால் மணி நேரப் படகுப் பயணம். நெடுந்தீவு இன்னும் தள்ளி. அங்கே போக ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் இருக்க வேண்டும், நாளொன்றுக்குப் புறப்படும் படகுகளையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். குமுதினி, வடதாரகை, 2017இல் சேவைக்கு வந்த நெடுந்தாரகை என்ற படகுகளின் பெயர்களைத் தீவார் மனிதர்களின் பெயர்களைப் போலவே சொல்வார்கள். சோழகக் காற்று மூர்க்கமாக அடிக்கும் நாட்களில் சேவை தடைப்படும். வாடை காலத்திலும் கடலை நம்ப முடியாது.

இந்த நிலையில் நெடுந்தீவில் மாலை நாலரைக்குத் தொடங்கும் இறுதியாட்டத்தை வெளியூரார் பார்க்கவேண்டுமென்றால் இரவு அங்கேயே தங்கவேண்டும். ஆட வரும் அணிகளுக்கும் அதே கதி. சமநிலை தவிர்ப்பு உதைவரை ஆட்டம் நீண்டால், கடைசிப் படகைப் பிடிக்க நினைத்தவர் யார் வென்றார் என்று தெரியாமலே துறைக்கு ஓடுவார். இவருக்கு இலவசச் சீட்டு கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அது அவரிடம் ஏற்கனவே இருக்கிறது.

காரணம் வலுவாக இருந்தால் சனம் கடலைத் தாண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. நயினை நாகபூசணி அம்மனின் ஆனி உற்சவ நாட்களில் குறிகட்டுவானில் வரிசை நீளும், படகுகள் ஓய்வின்றி ஓடும். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கும் இதே துறையிலிருந்து அடியார் புறப்படுகிறார்கள். அந்த நாட்களில் கடல் குறுகிவிடவில்லை; படகு கூடுகிறது, நேரம் ஒத்துவருகிறது, பேருந்து துறைவரை காத்து நிற்கிறது. பிரதேச செயலகம், கடற்படை, போக்குவரத்துச் சபை, கோயில் நிர்வாகம் எல்லாம் ஒரே மேசையில் இருந்து முன்கூட்டியே ஒழுங்கு செய்வதன் பலன் அது. உதைபந்தாட்டத்துக்கு அந்த அளவு ஏற்பாடு தேவையில்லை, நியாயமும் இல்லை. ஆனால் அதில் ஒரு சிறு பங்கு செய்யக்கூடியதே.

செய்யக்கூடியவற்றில் முதலாவது ஆட்ட நேரம். இறுதியாட்டத்தை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினால் வெயில் கடுமை, பிரதம விருந்தினர் வருவதும் சிரமம்; ஆனால் நயினாதீவுக்கு வந்தவர் அம்மனையும் கும்பிட்டு, ஆட்டமும் பார்த்து, பொழுது சாய முன்னர் திரும்பலாம். இரண்டாவது, ஒரு நினைவுக்கிண்ணத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மேலதிகப் படகுக்குக் கொடுப்பது. பணப்பரிசை ஏற்றி மேடையில் அறிவிப்பதில் கிடைக்கும் கைதட்டல் படகு வாடகை கட்டுவதில் கிடைக்காது என்பதால் கொடையாளர்கள் இதை அதிகம் விரும்புவதில்லை. படகை இலவசமாக்கும்போது சீட்டு வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. உயிர்காப்பு அங்கிக் கணக்குக்கு மேல் ஒருவரும் ஏறாதபடி எண்ணிக் கொடுப்பதற்கேனும் ஒரு சீட்டு வேண்டும். இலவசச் சீட்டுக்குத் தீவகத்தில் பொருத்தமான இடம் மைதான வாசலைவிட இறங்குதுறைதான்.

பாடசாலைப் பிள்ளைகள் விடயத்திலும் இதே கணக்குத்தான். துரையப்பா அரங்கில் ஒரு நல்ல ஆட்டம் நடக்கும்போது நெடுந்தீவு மகா வித்தியாலயத்துப் பிள்ளைகளுக்கு அனுமதி இலவசம் என்று அறிவிப்பதால் ஒருவரும் வரமாட்டார்கள். படகு, குறிகட்டுவானிலிருந்து பேருந்து, மதியச் சாப்பாடு, பொறுப்புக்கு ஆசிரியர், இரவு தங்க ஓர் இடம் என்ற ஐந்தும் சேர்ந்தால்தான் அந்த இலவசம் முழுமையாகும். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் சீட்டு வெறும் கடதாசி.

பெண்கள் குறைவாக வருவதற்கும் விலை காரணமில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கை மட்டத்தில் கிண்ணம் வென்று வந்த மண்ணில், கிராம மைதானத்தின் ஓரத்தில் பெண்களைக் காண்பது அரிது. இருக்க நல்ல கதிரையும் பாவிக்கக்கூடிய மலசலகூடமும் இல்லாத வெளியில், குடித்துவிட்டுக் கத்துபவர் பக்கத்தில், யாரும் மூன்று மணி நேரம் நிற்கமாட்டார்கள்.

இதற்கிடையில் கூட்டம் வேறொரு பக்கம் கூடிக்கொண்டிருக்கிறது. குடாநாட்டிலும் தீவகத்திலும் சுற்றுப்போட்டிகள் கைத்தொலைபேசியிலேயே நேரலையாகப் போகின்றன. வர்ணனையாளர் நடுநடுவே ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் பார்ப்பவர்களின் பெயர் சொல்லி வணக்கம் வைக்கிறார். கிண்ணத்துக்குக் காசு அனுப்பியவர் இப்படித்தான் தன் ஆட்டத்தைப் பார்க்கிறார், அவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. ஆனால் படகு பிடிக்கவேண்டிய பக்கத்துத் தீவு இளைஞரும் அதே திரையில்தான் பார்க்கிறார்; அவரை மைதானத்திலிருந்து தள்ளிவைக்கும் இலவசமும் அதுவே. சில ஏற்பாட்டாளர்கள் அரையிறுதிவரை நேரலை செய்து இறுதியாட்டத்தை நிறுத்திவைக்கலாமே என்று கேட்கக்கூடும். அப்படிச் செய்தால் அடுத்த வருடக் கிண்ணத்துக்குக் காசு அனுப்ப ஆள் இருக்கமாட்டார் என்பதால் அந்த யோசனை கூட்ட அறிக்கையைத் தாண்டிப் போகாது.